கதவுக்கு உள்பக்கம் செருகிய வேப்பிலை

கண்ணா, பெட்டியைத் திறந்ததும் நீ சட்டையைத்தான் எடுத்துப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். எடுக்காதே. அதன் மேலே இந்தக் காகிதங்களை வைத்திருப்பதே அதற்காகத்தான். கை கால் கழுவிக்கொண்டு, அடுப்பங்கரையில் மூடி வைத்திருக்கும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து நிதானமாகப் படி. அம்மா எங்கே என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்காதே. எங்கே இருக்கிறேன் என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். நீ எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள். இன்றைக்கு மட்டும் அப்படிச் செய்தால் என்மேல் ஆணை. சுருக்கமாக எழுதத் தெரியாதா என்று முனகாதே. தெரியாது. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாட்டுக்கு அர்த்தம் சொல்லிச் சொல்லி, ஒரு வரிக்கு ஒரு பக்கம் பேசுவதே பழக்கமாகிவிட்டது.

நாளைக் காலை ரயிலேறி நீ சானிடரி இன்ஸ்பெக்டராக வேலையில் சேரப் போகிறாய். இதற்காக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று ஒரு மாதமாகவே மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, மேலதிகாரியிடம் வாயாடாதே, ஊர்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்கிற மாதிரி, எல்லா அம்மாவும் எழுதுகிற கடிதம். உன் அப்பா இருந்திருந்தால் இரண்டே வரியில் முடித்திருப்பார். ரயில்வேக்காரர், தந்தி பாஷை. அவர் இல்லாத குறைக்கு நான் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதலாம் என்றிருந்தேன். இன்று காலை நடந்தது அந்தக் கடிதத்தை அப்படியே அடித்துக்கொண்டு போய்விட்டது. என் கையெழுத்தைப் பார். கரும்பலகையில் முத்து முத்தாக எழுதுகிறவள் என்று பெயர் எடுத்தவள் எழுத்தா இது?

காலையில் கரி இஸ்திரிப்பெட்டியை மூட்டி உன் காக்கிச் சட்டையைத் தேய்த்தேனே, அப்போது நீ பட்டணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். காலர் மடங்காமல் மொடமொடவென்று நின்றது. தோள் பக்கம் ஒரு தடவை தடவிப் பார்த்தேன். என் பிள்ளை ஆபீசர் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டேன், அசடு மாதிரி. அந்தக் கரி வாசனை கையில் இருக்கும்போதே பள்ளிக்கூடம் போய் ஏழாம் வகுப்பில் நுழைந்தேன். இன்றைக்குப் பாடம், அச்சத்தைப் பற்றிய பாட்டு. வாசகப் புத்தகத்தின் நடுவில் இருக்கும் சின்னப் பாட்டு, நாலே வரி:

வாசலில் நிற்கும் அச்சத்தை
வாவென் றுள்ளே அழைத்துப்பார்;
பேசச் சொல்லிப் பெயர்கேட்டால்
பெட்டிப் பாம்பாய் அடங்கிவிடும்.

வழக்கமாக எப்படி நடத்துவோம் என்பது உனக்கே தெரியும், நீயும் என் வகுப்பில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவன்தானே. முதலில் எல்லோரும் சேர்ந்து ராகம் போட்டு ஒப்பிக்க வேண்டும். பிறகு பதம் பிரித்து, பதவுரை எழுதி, கருத்துரை எழுதி, மனப்பாடம். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்களுக்கு அது போதும். எனக்கு என்னமோ இன்றைக்கு அது போதவில்லை. ஊர் முழுக்கப் பயம் கிடக்கிறது. சண்டை எப்போது கடல் தாண்டி வருமோ என்று பட்டணத்துக்காரர்கள் மூட்டை முடிச்சோடு நம் பக்கம் வந்து இறங்குகிறார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பதுங்குகுழி வெட்டிப் போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் அச்சத்தைப் பற்றிய பாட்டைப் பதம் பிரித்துவிட்டுப் போவதா? அதனால், புத்தகத்தை மூடுங்கள், கவிஞர் பெயர் கேட்கச் சொல்கிறார் அல்லவா, உங்கள் பயத்தின் பெயரை ஒவ்வொருவராக எழுந்து சொல்லுங்கள் என்றேன்.

ஐயோ, அந்தச் சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முதல் பெஞ்சுப் பையன் எழுந்து, "ஜப்பான்காரன் குண்டு டீச்சர்" என்றான். அவனுக்குப் பின்னாலேயே நாலு பேருக்கு ஜப்பான்காரன்தான். ஒருத்திக்கு ஏரிக் கலங்கலில் தண்ணீர் விழுகிற சத்தம். ஒருவனுக்குப் பாடி ஊர்ப் பக்கமிருந்து வரும் பட்டாள லாரி. கடைசிப் பெஞ்சில் ஒரு போக்கிரி, "கணக்கு சார்" என்று சொல்லிவிட்டுச் சன்னலைப் பார்த்தான், அவர் பக்கத்து வகுப்பில்தான் இருந்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இதோ பாருங்கள், பெயர் சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது, அடங்கிவிட்டது பார்த்தீர்களா, இதுதான் கருத்துரை என்றேன். என்னைவிடக் கெட்டிக்கார வாத்தியாரம்மா இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று ஒரு நிமிஷம் எனக்கே தோன்றியது.

அப்போது ஏழுமலை எழுந்தான். அவனை உனக்குத் தெரியாது. மேனாம்பேட்டைத் தாண்டி ஏரிப்பக்கம் இருக்கும் குடிசைகளிலிருந்து வருகிறவன். அவன் அப்பா முன்பு அடுத்தவர் கழனியில் வேலை செய்தார், இப்போது ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை கட்டுகிற இடத்தில் மண் சுமக்கிறார். பையன் நன்றாகப் படிப்பான், வாயைத் திறக்க மாட்டான். இன்று அவனாகவே எழுந்து நின்று, தன் பயத்தைச் சொல்லாமல் ஒரு சந்தேகம் கேட்டான்.

"டீச்சர், வாசல்ல யாரு நின்னாலும் உள்ள கூப்டணுமா?"

"பயத்தைக் கூப்பிடச் சொல்கிறார் கவிஞர். யாரைக் கண்டு பயப்படுகிறாயோ, அவரைக் கண்டு ஓடாதே என்று அர்த்தம்."

"கூப்டா இன்னா ஆவும்?"

"கூப்பிட்டுப் பேசினால் பயம் போய்விடும்."

"பயம் போய்டும் டீச்சர். பாப்பா?"

எனக்குப் புரியவில்லை. பாட்டில் ஏது பாப்பா என்று கேட்டேன். ஒரு பெண் கிளுக்கென்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. மேஜையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான். "அம்மை குத்துற ஆபீசர்தான் டீச்சர் எனுக்குப் பயம். காக்கி சட்ட போட்டுகினு, தொப்பி வெச்சிகினு வருவாரு. வாசல்ல நின்னு உள்ள எட்டிப் பாப்பாரு. பாத்தார்னா எங்க பாப்பாவத் தூக்கினு போய் ஊருக்கு வெளில கீற கொட்டாய்ல போட்டுடுவாரு. அங்க போனவங்க திரும்பி வரமாட்டாங்கன்னு அம்மா சொல்ச்சி."

காக்கிச் சட்டை என்றதும் என் கை தானாக முகத்துக்குப் போனது. கரி வாசனை. கண்ணா, யாரோ பின்னாலிருந்து என் கழுத்தில் கையை வைத்த மாதிரி இருந்தது. ஆனால் அதுகூட எனக்குப் பிறகுதான் உறைத்தது. அதற்கு முன்னால், எந்த யோசனையும் இல்லாமல், வாத்தியாரம்மா புத்தி, அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். "உங்கள் பாப்பாவை அவர் எதற்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்?"

பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை, எனக்கு முன்பே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அவன் பக்கத்தில் இருந்தவன் தன் பலகையை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். கடைசியில் ஏழுமலையே சொன்னான். "எங்க ஊட்ல ஆத்தா வந்துகீறா டீச்சர். வேப்பிலைய வாசல்ல சொருவல. கதவுக்கு உள்பக்கமா சொருவிகீறோம். வெளிய சொருவுனா ஆபீசருக்குத் தெரிஞ்சிடும், நைனாவ வேலைக்கும் சேத்துக்க மாட்டாங்க. நான் இஸ்கூலுக்கு வரலன்னா ஏன் வரலன்னு யார்னா கேட்டுகினு வருவாங்கன்னு அம்மா அனுப்பிச்சி. ஆத்தாவ உள்பக்கமா மறைச்சி வெச்சிட்டோம்னு ஆத்தாவுக்குக் கோவம் வந்துடுமா டீச்சர்? அதான் எனுக்கு ரெண்டாவது பயம்."

ஐயோ, என்ன சொல்வேன்! இந்த ஊரில் அம்மை கண்ட வீடு என்றால் முதல் வேலை வாசலில் வேப்பிலை செருகுவதுதான். ஏழை பணக்காரன் கிடையாது, எந்தத் தெரு என்ற பேச்சே கிடையாது. உள்ளே ஆத்தா இருக்கிறாள், கால் வைக்காதே, தாளிக்காதே, சத்தம் போடாதே என்று அந்தக் கொத்து சொல்லும். சாமிக்குச் செய்கிற மரியாதை அது, அக்கம்பக்கத்துக்கும் அதுதான் காவல். அந்த வேப்பிலையையே கதவுக்கு உள்ளே திருப்பிச் செருகியிருக்கிறார்கள் என்றால் அந்தத் தாய் எவ்வளவு பயந்திருக்க வேண்டும்! சாமியைவிட, நோயைவிட, காக்கிச் சட்டைக்குப் பயந்திருக்கிறாள். அந்தச் சட்டையை நான் அல்லவா காலையில் தேய்த்து மடித்து வைத்துவிட்டு வந்தேன்!

அடுத்த நிமிஷம் வகுப்பு சிதறியது. பெஞ்சு சாய்ந்தது, மைக்கூடு கொட்டியது, பாதிப் பேர் வாசலில், பாதிப் பேர் சன்னலில். ஏழுமலை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். நான் அவன் பக்கத்தில் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் நின்ற பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். "டீச்சருக்கு பயமே இல்லடா" என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு அவமானமாகிவிட்டது. வீரம் ஒன்றும் இல்லை, எனக்கு ஒரு தடவை வந்துவிட்டது, மறுபடி வராது, என் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுமே என்று கத்தினேன். என் அம்மைத் தழும்பைப் பற்றி நான் வகுப்பில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

வெளியே நின்றிருந்த சரோஜா என்கிற பெண், பெரிய கழனிக்காரர் வீட்டுப் பெண், அவள் ஓடவில்லை, உள்ளேயும் வரவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டே கேட்டாள். "டீச்சர், அவன் பேர் சொல்லிட்டான். பாட்டுல சொன்னபடிதான் செஞ்சான். ஆனா அடங்கலியே? முன்ன அவன் ஊட்டுக்கு மட்டும் பயம். இப்போ எங்க எல்லாருக்கும் பயம்."

"பாட்டு எழுதனவரு ஊட்ல பாப்பா இருந்திச்சா?" என்றான் ஏழுமலை, அவளைப் பார்க்காமல்.

இத்தனை வருஷம் இந்தப் பாட்டுக்கு எத்தனை கருத்துரை எழுதிப் போட்டிருப்பேன்! ஒன்றுகூட உதவவில்லை. பெயரைச் சொல்கிறவனுக்குத் தைரியம் இருந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது, கேட்கிறவர்கள் ஓடாமல் நிற்க வேண்டும் போலிருக்கிறது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். சரோஜா விடவில்லை. "அப்போ நீங்க சொல்லுங்க டீச்சர். எல்லாரும் சொன்னோம். உங்க பயத்துக்குப் பேர் இன்னா?" என்றாள். எனக்கு எதுவும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மணி அடித்துவிட்டதா என்று பார்த்து வா என்று அவளை அனுப்பினேன். அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

தலைமையாசிரியர் வந்தார். மனிதர் நல்லவர்தான், ஆனால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நின்றுதான் பேசினார். பையன் உடனே வீட்டுக்குப் போக வேண்டும், வகுப்புக்கு விடுமுறை, நாளைக் காலை பூந்தமல்லிக்கு ஆள் அனுப்பிச் சுகாதார ஆபீசுக்குத் தகவல் சொல்லிவிடுவேன் என்றார். சொல்லத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பையனை அழைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குக் கிளம்பினேன்.

வழியில் எனக்குச் செல்லாவின் ஞாபகம் வந்துவிட்டது. அவளைப் பற்றி உனக்கு நான் சொன்னதே இல்லை. உனக்கு ஒரு சித்தி இருந்தாள், கண்ணா. எனக்கு நேர் இளையவள், செல்லா. சின்ன வயதில் நீ என் கன்னத்தைத் தடவி இதெல்லாம் என்ன என்று கேட்டபோது, சாமி தொட்ட இடம் என்று சொல்லி உன் வாயை அடைத்தேன். சாமி தொடவில்லை. எங்கள் ஊருக்கு அம்மை குத்துகிறவர் வந்த அன்றைக்கு என் அம்மா எங்கள் இருவரையும் நெற்குதிருக்குள் இறக்கி மூடியைப் போட்டுவிட்டாள். ஊரில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். பிள்ளைகளைக் குதிரிலும் வைக்கோற்போரிலும் ஒளித்துவிட்டு, எங்கள் வீட்டில் பிள்ளையே இல்லை என்று சாதிப்பார்கள். அந்த மனிதர் வியர்க்க வியர்க்க நின்று மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். நானும் செல்லாவும் உள்ளே நெல் சுணையில் உடம்பெல்லாம் அரிக்க, ஒருத்தி வாயை ஒருத்தி பொத்திக்கொண்டு சிரித்தோம். நல்ல விளையாட்டு என்று நினைத்தோம். அடுத்த பங்குனியில் இருவருக்கும் அம்மை போட்டது. நான் எழுந்தேன். அவள் எழவில்லை. என் அம்மா அதற்குப் பிறகு செத்துப் போகிறவரை அந்தக் குதிரில் நெல் கொட்டவே இல்லை.

என் அம்மாவைத் திட்டாதே. அவள் எங்களைக் கொல்ல ஒளிக்கவில்லை, காப்பாற்றத்தான் ஒளித்தாள். அவளிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால், இந்தக் கத்தி எதற்கு, குத்தினால் என்ன ஆகும், எத்தனை நாள் காயும் என்று சொல்லியிருந்தால், அவள் மூடியைத் திறந்திருப்பாள் என்றுதான் நான் இன்றைக்கும் நம்புகிறேன். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அவசரம், அடுத்த ஊருக்குப் போக வேண்டும். வாசலில் நின்று, பிள்ளைகள் உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள், எழுதிக்கொண்டு போனார். நீ பிறந்து சில மாதத்தில் உன்னைத் தூக்கிக்கொண்டு நானே ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேனே, நீ ஊரைக் கூட்டினாயே, உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாரே, அந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். எதற்காக அப்படி ஓடினேன் என்பதை இப்போதுதான் சொல்கிறேன். உன் புஜத்தில் இருக்கிற அந்தத் தழும்பு செல்லாவுக்காகப் போட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏழுமலை வீட்டில் கதவு சாத்தியிருந்தது. வாசல் நிலையில் ஒரு இலைகூட இல்லை, கோலம்கூடப் போட்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியக்கூடாதாம். கன்னியம்மா, அதுதான் அவன் அம்மா, கதவைக் கொஞ்சமாகத் திறந்து உடம்பாலேயே அடைத்துக்கொண்டு நின்றாள். மகனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது.

"இன்னா டீச்சரம்மா, இவன் இன்னா பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல. பாப்பா எப்படி இருக்கு?"

"எந்த பாப்பா? எங்க ஊட்ல ஒரு புள்ளதான்" என்றாள். கண்ணா, அதே பொய்! என் அம்மா மோர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன அதே பொய். ஏழுமலை தேம்ப ஆரம்பித்தான். "நாந்தாம்மா சொல்லிட்டேன்" என்றான். அவள் அவனை அடிக்கக் கை ஓங்கினாள். நான் குறுக்கே போய், வெயிலுக்குப் போட்டிருந்த முக்காட்டை எடுத்து முகத்தைக் காட்டினேன். இங்கே பாரு, எனக்கும் வந்தது, என் தங்கச்சிக்கும் வந்தது, எனக்குப் பயம் கிடையாது, உள்ளே விடு என்றேன். ஓங்கின கை அப்படியே நின்றது. வெகுநேரம் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒதுங்கினாள்.

உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தினாள். அப்போது பார்த்தேன். உள்பக்கத்துச் சட்டத்தில், துணி மாட்டுகிற ஆணியில், வாடாத வேப்பிலைக் கொத்து. தினமும் மாற்றுகிறாளாம். வெளியே வைக்க முடியாத குறைக்கு உள்ளே இரண்டு மடங்காக வைத்திருக்கிறாள். பாப்பா வாழையிலையில் கிடந்தது. மூன்று நான்கு வயசு இருக்கும். உடம்பு முழுக்க முத்து. ஆனால் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துத் தண்ணீர் கேட்டது. கேட்க முடிகிற பிள்ளை பிழைக்கும் என்று என் மனசு சொல்கிறது. உன் படிப்பு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது.

தண்ணீர் கொடுத்துவிட்டு, நாளைக்குத் தகவல் போய்விடும், ஆபீசர் வருவார் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் அழவில்லை. முன்னமே முடிவு பண்ணி வைத்திருந்த மாதிரி சொன்னாள். "எங்க ஊட்டுக்காரரு ஆவடியிலிருந்து பொழுது சாஞ்சி வருவாரு. விடியறதுக்குள்ள வண்டி கட்டிகினு செம்பரம்பாக்கம் போய்டுவோம். எங்க அண்ணன் ஊடு கீது. அங்க ஏரிக்கரையோரமா கெடந்துட்டுப் போறோம். எம் பொண்ண கொட்டாய்க்கு மட்டும் உட மாட்டேன்." அந்த அண்ணனுக்குச் சின்னஞ்சிறுசாக ஐந்தாறு பிள்ளைகளாம். புரிகிறதா உனக்கு? என் அம்மா போட்ட அதே குதிர் மூடியைத்தான் இவளும் போடுகிறாள். இந்தத் தடவை உள்ளே இருப்பது இரண்டு பிள்ளைகள் இல்லை.

போகாதே என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில், யோசித்துச் சொன்னேனா, என்னை அறியாமல் வந்துவிட்டதா தெரியாது, "என் பிள்ளையும் அம்மை குத்துற ஆபீசர்தான், கன்னியம்மா. நாளைக்குத்தான் வேலையில் சேரப் போறான்" என்றேன். அவள் எழுந்து போய்ப் பாப்பாவுக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டாள். சத்தியமாக, கண்ணா, என் ஜன்மத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. இப்போதுதான் என் முகத்தைப் பார்த்து வழி விட்டவள்! பிறகு அவளே கேட்டாள்.

"ஒம் புள்ளக்கி அம்மை வந்துகீதா?"

"இல்ல. கைக்குழந்தையிலேயே குத்திட்டேன். நானே தூக்கிட்டுப் போய்க் குத்தினேன்."

"நீயேவா?"

"நானேதான்."

அவள் பாப்பாவைப் பார்த்தாள், வேப்பிலையைப் பார்த்தாள். "அப்போ கூட்டினு வா ஒம் புள்ளய. இன்னிக்கே வரட்டும். எங்க ஊட்டுக்காரர் இருக்கசொல்லோ வரட்டும். வந்து எங்கிட்ட ஒக்காந்து பேசட்டும். ஆனா டீச்சரம்மா, அந்த சட்டையப் போட்டுகினு வரக்கூடாது. அந்த சட்டையோட வாசல்ல வந்து நின்னார்னா, பின்பக்கமா போய்க்கினே இருப்பேன்."

இதுதான் நடந்தது. வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, புடவையைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன், நீ சொல்லிக்கொடுத்தபடி. நீ சாயந்திர வண்டிக்குத்தான் வருவாய். அதற்குள் நான் திரும்பப் போய் அவளோடு உட்கார்ந்திருக்கப் போகிறேன். நான் அங்கே இருக்கிறவரை அவள் கிளம்ப மாட்டாள், மரியாதைக்காவது உட்கார்ந்திருப்பாள். மேனாம்பேட்டுக் கோயிலைத் தாண்டி ஏரிக்குப் போகிற வண்டிப்பாதையில் வந்தால், கிணற்றுக்கு எதிர்க்குடிசை. வாசலில் கோலம் போட்டிருக்கும்.

பாப்பாவை வீட்டிலேயே தனியாக வைத்துப் பார்த்துக்கொள்ள உங்கள் சட்டத்தில் இடம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். இருந்தால் அதைச் சொல். இல்லையென்றால் இல்லை என்று சொல், பொய் சொல்லாதே. ஆனால் அந்தக் கொட்டகையில் உண்மையில் என்ன நடக்கிறது, தாய் கூட இருக்கலாமா என்பதையாவது முழுதாகச் சொல். நாளைக்குப் பூந்தமல்லியிலிருந்து மருந்து வரும்போது ஏழுமலைக்கும், அந்தக் குடிசைகளில் இருக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும், என் ஏழாம் வகுப்புக்கும் குத்த வேண்டும். நீ பக்கத்தில் நின்றால் அவர்கள் கை நீட்டுவார்கள். நாளைய ரயில் போனால் போகட்டும், மறுநாளும் ரயில் உண்டு. ஆபீசுக்கு ஒரு தந்தி கொடுத்துவிடு. முதல் நாளே தாமதமா என்று அவர்கள் திட்டினால் திட்டு வாங்கிக்கொள். வேலையில் சேருவதற்கு முன்னால் செய்கிற வேலை இது.

உனக்கு நான் எழுத நினைத்த புத்திமதி எல்லாம் இவ்வளவுதான் என்று ஆகிவிட்டது. சட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது உன் படிப்பு, உன் உழைப்பு, எனக்குப் பெருமை. போகிற ஊரில் போட்டுக்கொள். ஆனால் ஒரு வீட்டு வாசலில் நின்று, பிள்ளைகள் உண்டா இல்லையா என்று கேட்டு எழுதிக்கொண்டு மட்டும் போய்விடாதே. இல்லை என்று ஒருத்தி சொன்னால், மோர் கொடுத்தால், உட்கார்ந்து குடி. கதவுக்கு உள்பக்கம் என்ன செருகியிருக்கிறாள் என்று தெரிகிறவரை எழுந்திருக்காதே.

சரோஜாவுக்கு நான் பதில் சொல்லவில்லை என்றேனே. நாளைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும், விடாத பெண் அவள். எனக்கு ஜப்பான்காரன் பயம் இல்லை, நோய்ப் பயமும் இல்லை. முன்பின் தெரியாத ஏதோ ஒரு ஊரில் உன் செருப்புச் சத்தம் கேட்டதும் ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கிக் குதிருக்குள் இறக்குவாளே, அதை நினைத்துத்தான் இன்றைக்கு முழுக்க நடுங்கிக்கொண்டிருக்கிறேன். என் பயத்துக்குப் பேர் கேட்டாள் அந்தப் பெண். நான் ஆசையாக வைத்த பேர்தான் அது, உன் பேர்.

உன் வெள்ளை வேட்டி கொல்லைக் கொடியில் காய்கிறது. கட்டிக்கொண்டு சீக்கிரம் வா.

அம்மா